பிராசசரை மாற்றியபின் திரை இருண்டே கிடக்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: பி450 மதர்போர்டில் இருந்த ரைசன் 3 2200ஜி பிராசசரை எடுத்துவிட்டு ரைசன் 5 5600 பொருத்தினேன். விசிறிகள் சுழல்கின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. புதிய பிராசசர் பழுதானதா?

பதில்: அந்தச் சந்தேகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். 2200ஜி பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதி இருந்ததால் மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ வழியாகப் படம் வந்தது. 5600இல் அந்தப் பகுதியே கிடையாது என்பதால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எத்தனை முறை இயக்கினாலும் திரை இருண்டுதான் இருக்கும்.

கார்டு இருந்து, கேபிளை அதில் செருகியும் படம் வரவில்லை என்றால் பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டின் உள்மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். பி450 மதர்போர்டுகள் 2018இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் தொடங்கியது, உங்கள் 5600 வந்ததோ 2022இல். இடையில் பயாஸைப் புதுப்பிக்காத மதர்போர்டுக்கு இந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. பழைய பிராசசரை மீண்டும் பொருத்தி, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலைத் திறந்து, 5600க்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையோ அதற்குப் பிந்தையதையோ ஏற்றுங்கள். நேரடியாகத் தாவாமல் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றச் சொல்லும் மாடல்களும் உண்டு. அந்தக் குறிப்பைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: எனக்கும் இதே நிலைதான், ஆனால் பழைய பிராசசரை விற்றுவிட்டேன்.

பதில்: புதியது ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதை விற்கக் கூடாது என்று உங்களிடம் இப்போது சொல்லிப் பயனில்லை. மதர்போர்டின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற, பென் டிரைவிலிருந்து நேரடியாக பயாஸை ஏற்றும் பொத்தான் இருந்தால் பிராசசரே இல்லாமலும் புதுப்பிக்கலாம். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, கையேடு சொல்லும் பெயரில் கோப்பைச் சேமித்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையிலேயே செருக வேண்டும். பொத்தான் இல்லையென்றால், ஏற்கும் பழைய பிராசசர் ஒன்றைக் கைவசம் வைத்திருக்கும் பழுதுபார்ப்புக் கடையைத் தேட வேண்டியதுதான்.

கேள்வி: கூலரைத் தூக்கியபோது பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சில பின்கள் வளைந்துள்ளன.

பதில்: பி450 போன்ற மதர்போர்டுகளில் உள்ள ஏஎம்4 சாக்கெட் வகையில் 1331 பின்களும் பிராசசரிலேயே இருக்கின்றன, பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தால் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியபின், மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. வளைந்த பின்களைத் மெக்கானிக்கல் பென்சிலின் (குச்சியை எடுத்துவிட்ட) வெற்று முனையில் நுழைத்து, ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். நிமிர்த்தியபின் அழுத்தம் ஏதுமின்றித் தானாகச் சாக்கெட்டில் இறங்கினால்தான் நெம்புகோலைப் பூட்ட வேண்டும்.

கேள்வி: எச்110 மதர்போர்டில் ஐ5-8400 சரியாகப் பொருந்துகிறது, ஆனால் இயங்கவில்லை.

பதில்: இயங்காது. இரண்டிலும் 1151 தொடுமுனைகள்தான் என்றாலும், ஐ5-8400 சேர்ந்த எட்டாம் தலைமுறையில் அவற்றுள் சிலவற்றின் பயன்பாட்டை இன்டெல் மாற்றிவிட்டது. இன்டெலின் 300 வரிசை சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) கொண்ட மதர்போர்டு தேவை. சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பி வாங்குபவர்களை இந்த எண் நிறையவே ஏமாற்றியிருக்கிறது.

கேள்வி: எல்லாம் சரியாகத்தான் செய்தேன். விசிறி சுழல்கிறது, வேறு அசைவே இல்லை.

பதில்: பிராசசர் அருகே செருக வேண்டிய 8 முனை மின் இணைப்பைப் பாருங்கள். நானே ஒருமுறை அதைச் செருக மறந்து, ஒரு மாலை முழுவதும் ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: படம் வந்துவிட்டது, ஆனால் எஃப்டிபிஎம்மை அழிக்க ஒய் அல்லது என் அழுத்தச் சொல்கிறது.

பதில்: எஃப்டிபிஎம் என்பது பிராசசருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி. உங்கள் டிரைவ், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்து, மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் ஒய் அழுத்தவே வேண்டாம். பழைய பிராசசரைத் திரும்பப் பொருத்தி, விண்டோஸுக்குள் சென்று, சாவியைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகு மாற்றுங்கள்.