பிரேக்குக்கு 18,400 ரூபாய்: இப்போதே செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: என் ஸ்விஃப்ட் கார் 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டபோது முன் பிரேக் பேட் 3,200, இரண்டு டிஸ்க் 7,600, பின் பிரேக் ஷூ 2,400, பிரேக் ஆயில் 900, காலிப்பர் சர்வீஸ் 1,800, லேபர் 2,500 என்று மொத்தம் 18,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். பேட் 4 மி.மீ.தான் இருக்கிறதாம். போன முறை 30,000 கி.மீ.யில் பேட் மாற்றினேன். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. மாதம் 800 கி.மீ. ஓட்டுகிறேன், அதில் ஒருமுறை கொடைக்கானல். அவசரக் கையிருப்பிலிருந்து எடுக்கவா, கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போடவா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. முதலில் அந்த எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

முன் சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடுதான் டிஸ்க். அதை உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமாக அழுத்தி நிறுத்துபவை பேட்கள். புது பேட் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்தால் மாற்றிவிட வேண்டும். உங்களுக்கு 32,000 கி.மீ.க்கு 6 மி.மீ. தேய்ந்திருக்கிறது, அதாவது 5,300 கி.மீ.க்கு ஒரு மி.மீ. 3 மி.மீ. ஆக இன்னும் ஒரு மி.மீ. இருப்பதால், மாதம் 800 கி.மீ. கணக்கில் இன்னும் ஆறு மாதம் தாங்கும்.

ஆனால் அந்த 4 மி.மீ. எந்த பேடின் அளவு என்று கட்டாயம் கேளுங்கள். என் காரில் ஒருமுறை சக்கரத்தின் இடுக்கு வழியே பார்த்த வெளிப் பேட் தடிமனாகத்தான் இருந்தது. கழற்றினால், உள் பேட் இரும்புவரை தேய்ந்து டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான காலிப்பர் நகர உதவும் கம்பி (pin) இறுகிப்போனதுதான் காரணம். அதனால் சக்கரத்தைக் கழற்றி, முன் சக்கரங்களின் நான்கு பேடையும் உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பி இறுகியிருந்தால் மட்டும் காலிப்பர் வேலையை உடனே செய்துவிடுங்கள்.

பெரிய தொகை டிஸ்க்குக்குத்தான். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அளந்த அளவு அதற்கு மேல் இருந்து, விரிசலோ ஆழமான கோடோ இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிராமலும் இருந்தால் இப்போது மாற்றத் தேவையில்லை. 7,600 ரூபாய் அப்படியே மிஞ்சும். பின் சக்கர ஷூவைப் பற்றிச் சொன்னவர்கள் அதை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார்களா? கழற்றாமல் ஷூவின் தேய்மானத்தைச் சரியாகச் சொல்ல முடியாது.

பிரேக் ஆயில் விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்க மாட்டேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். கொடைக்கானல் மலையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் சூடேறி, ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அடுத்த பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து வாருங்கள்.

அளந்து பார்த்து எல்லாம் சரியாக இருந்தால், இன்றைய செலவு ஆயிலும் அதற்கான லேபரும்தான். அதை மாதச் சம்பளத்திலேயே சமாளிக்கலாம். பேட், ஷூ, காலிப்பர் மூன்றும் சேர்ந்து 7,400 ரூபாய், லேபர் தனி. மாதம் 1,700 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் 10,200 சேர்ந்துவிடும். தேய்மானத்துக்கு வாகனக் காப்பீடு பணம் தராது. கார்டு இ.எம்.ஐ.யில் வட்டி, பிராசஸிங் கட்டணம், அவற்றின் மேல் ஜிஎஸ்டி என்று ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் இன்னொன்று. இரும்பு உரசுகிற சத்தம், பெடல் தாழ்வது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, சக்கரத்தருகே ஆயில் கசிவு, டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். அப்போது அவசரக் கையிருப்பிலிருந்து தாராளமாக எடுக்கலாம்.

நாளைக்கே உங்கள் பகுதியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்து அளந்து பாருங்கள். அளவுகளைத் தாளில் எழுதி வாங்கி, இந்த எஸ்டிமேட்டோடு வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் பேசுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.