குடும்பச் சுற்றுலா: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை (கேள்வி-பதில்)

கேள்வி: மாலில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டோம். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வந்தது. பரிசு வாங்கப் போனவர்கள், வருடாவருடம் சில நாள் ரிசார்ட்டில் தங்க முன்கூட்டியே பணம் கட்டும் விடுமுறைக் கிளப்பில் உறுப்பினராகித் திரும்பி வந்தோம். கிரெடிட் கார்டில் 60 ஆயிரம் முன்பணம், மீதி இரண்டு லட்சத்துக்கு இஎம்ஐ. ஐந்து நாள் ஆகிறது. வீட்டில் இரண்டு பேருக்குமே தூக்கம் இல்லை. இதை ரத்து செய்ய முடியுமா?
*வாசகி, திருநெல்வேலி*

பதில்: ஐந்து நாள்தான் ஆகிறது என்பது நல்ல செய்தி. இதைப் படித்ததும் ஒப்பந்தத்தை எடுத்து, ரத்து செய்வது பற்றிய பிரிவைத் தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். இத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று பல கிளப்கள் அங்கே எழுதியிருக்கும். அந்தக் கெடு முடியும் முன் உங்கள் ரத்துக் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "மேனேஜர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார் மேடம்" என்பார்கள். அந்தப் போனுக்குக் காத்திருந்தே கெடுவைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். கார்டு கொடுத்த வங்கிக்கும், இஎம்ஐ போட்டவர்களுக்கும், ரத்து கேட்டிருக்கிறோம் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நானும் என் கணவரும் ஒருமுறை இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறோம். ஓட்டல் ஹால் முழுக்க வட்ட மேஜைகள், காது கிழியப் பாட்டு. யாராவது கையெழுத்துப் போட்டால் ஒரு மணியை அடிப்பார்கள், மொத்த ஹாலும் கைதட்டும். எங்கள் மேஜைக்கு வந்த பையன் ஒரு வெள்ளைத்தாளில் தடித்த மார்க்கரால் எழுதினான்: சுற்றுலாவுக்கு நாம் செலவழிப்பது வருடத்துக்கு 60 ஆயிரம், 25 வருடம், 15 லட்சம். அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் கிளப் கட்டணம் மூன்று லட்சம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். கிளப் வருடாவருடம் தனியாக வாங்கும் பராமரிப்புக் கட்டணம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "அது சின்ன அமௌன்ட்தான் சார்" என்றான். என்னிடம் கூட அல்ல, என் கணவரிடம். சரி, இந்தத் தாளைக் கொடுங்கள், வீட்டில் வைத்து யோசிக்கிறோம் என்றேன். அதை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இந்தச் சலுகை இன்றைக்கு மட்டும்தானாம். அப்போதே எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு எடுத்துப் போகக் கொடுக்காத தாளை நம்பி யாரும் பணம் கட்டக்கூடாது. வாயால் சொன்னதையெல்லாம் பிறகு கேட்டால், "ஒப்பந்தத்தில் இல்லையே" என்ற ஒரே பதில்தான் வரும். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆண்டு பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, வருடாவருடம் ஏற்றுவார்களா, நாம் ஒரு நாள்கூடப் போய்த் தங்காத வருடத்திலும் கட்ட வேண்டுமா? மே மாதமும் தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறையும் உங்கள் திட்டத்தில் சேருமா? அறை காலியில்லை என்று அவர்கள் சொன்னால், அந்த வருடத்து நாட்கள் என்ன ஆகும்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மேயை விட்டால் வேறு மாதம் கிடையாது. எல்லோருக்கும் அந்த மே மாதம்தான் வேண்டும். ஆறு மாதம் முன்பே திட்டம் போட்டு, ஜூலையிலோ பிப்ரவரியிலோ போக முடிகிற ஓய்வுபெற்றவர்களுக்கு இந்தக் கிளப் ஒருவேளை கட்டுப்படியாகலாம். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கிளப்காரர்கள் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பரிசு என்று வரவழைத்த குறுஞ்செய்தி, போன் வந்த நேரம், கூப்பனின் படம், எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு செயலி மூலம் சென்னை–டெல்லி விமானத்தில் நான்கு டிக்கெட் போட்டோம். முந்தின நாள் இரவு விமானமே ரத்து. செயலிக்காரர்கள், பணத்தை எங்கள் வாலட்டில் போடுகிறோம், அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: வேண்டாம். விமான நிறுவனமே ரத்து செய்தால், மாற்று விமானமா முழுப் பணமா என்று முடிவு செய்யும் உரிமை பயணிக்குத்தான். பணத்தை அடுத்த பயணத்துக்கு வரவாக வைத்துக்கொள்வதும் பயணி விரும்பினால் மட்டுமே என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் (டிஜிசிஏ) விதி சொல்கிறது. ஏஜென்ட் வழியாகவோ செயலி வழியாகவோ வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். அதனால் செயலியின் சாட் பெட்டியில் மல்லுக்கு நிற்காமல் நேராக விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் புகார்களைக் கவனிக்கும் அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு, அப்புறம் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார்.

உங்களுக்கு இழப்பீடும் வரக்கூடும். புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவாவது சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி நேரம் வரை 7,500 என்பது உச்சவரம்பு. புயல், வேலைநிறுத்தம் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணமென்றால் இது கிடையாது. அதனால் ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: டிக்கெட்டில் உங்கள் சொந்த போன் எண் இருக்கிறதா? சில ஏஜென்ட்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். ரத்துச் செய்தி அவர்களுக்குப் போகும், நாம் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்போம். சரியான எண் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் அதே விதியில் இருக்கிறது.

நீங்களே ரத்து செய்யும் டிக்கெட்டிலும், "பணம் திரும்பாது" என்று போட்டிருந்தால்கூட, வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திரும்ப வர வேண்டும். ஆயிரம், ஐந்நூறு என்று பலர் அதை விட்டுவிடுகிறோம். நான்கு பேர் டிக்கெட் என்றால் அது சின்னத் தொகை இல்லை.

கேள்வி: மாமனார், மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர், மலேசியா போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். வருகை அட்டைக்கு என்று ஒரு இணையதளத்தில் ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறது. டூர் ஏஜென்ட் டிசிஎஸ் என்று தனியாக ஒரு தொகையும் போட்டிருக்கிறார். இதெல்லாம் சரியா?
*வாசகி, மதுரை*

பதில்: முதலாவது ஏமாற்று, இரண்டாவது உண்மையான வரி.

சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டை, மலேசியாவின் எம்டாக், தாய்லாந்தின் டிடாக் என்ற வருகை அட்டைகள், மூன்றுமே இலவசம். தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரத் தளம். அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு பணம் வாங்குவார்கள். சிங்கப்பூர் அரசுத் தள முகவரி "கவ் டாட் எஸ்ஜி" என்று முடியும், மலேசியாவுடையது "கவ் டாட் எம்ஒய்". பயணத்துக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நாமே போனில் நிரப்பிவிடலாம், பத்து நிமிட வேலை. ஆனால் ஒன்று, சிங்கப்பூர் வருகை அட்டை விசா ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தனியாக வேண்டும். எல்லாருடைய கடவுச்சீட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் கெடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடம், பிள்ளைகளுக்கு ஐந்தே வருடம். கைக்குழந்தையாக இருக்கும்போது எடுத்ததை மறந்துபோய், கிளம்பும் வாரத்தில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

டிசிஎஸ் என்பது வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. அது தொலைந்துபோகும் பணம் இல்லை. யாருடைய பான் எண்ணில் கட்டப்படுகிறதோ, அவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். அதனால் வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத மாமனார் பெயரில் பில் போட வேண்டாம். உங்கள் வீட்டில் யார் தாக்கல் செய்கிறார்களோ அவர் பெயரில் போடச் சொல்லுங்கள். பிறகு வருமான வரித் தளத்தில், அவர் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் அறிக்கையில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் ஏஜென்ட்டைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனம் கேட்கவில்லை. மாமனார், மாமியாருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், பயணக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும் என்று ஏஜென்ட்டே "இல்லை" என்று டிக் அடித்துவிடுவது உண்டு. சிங்கப்பூர் மருத்துவமனைச் செலவு நம் ஊர்க் கணக்கு கிடையாது. அங்கே போய் ஒரு இரவு சேர்க்க நேர்ந்தால், மறைத்த அந்த ஒரு டிக்கைக் காட்டித்தான் கோரிக்கையைத் தள்ளுவார்கள். டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நூறு ரூபாய்க் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் கடையில். கார்டு கொடுத்தால் இயந்திரம் "இந்திய ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று கேட்கும். டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அமுக்கினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. லிட்டில் இந்தியாவில் முஸ்தபா கடைக்குப் போகாமல் நம்மவர்கள் திரும்புவதில்லை. ஜிஎஸ்டி திரும்பத் தரும் திட்டத்தில் இருக்கும் கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கினால், சுற்றுலாப் பயணிக்கு அங்குள்ள 9 சதவீத வரியைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. சேவைக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பில் போடும்போதே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். பொருள் பெரிய பெட்டியில் போகிறதென்றால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சாங்கி விமான நிலைய இயந்திரத்தில் வேலையை முடித்துவிட வேண்டும்.

கேள்வி: ரயிலில் எட்டு வயதுப் பையனுக்கு அரை டிக்கெட் வாங்கினோம். படுக்கை கிடையாது என்று டிடிஇ சொல்லிவிட்டார். இரவு முழுக்க என் மடியில்தான் தூங்கினான். புகார் செய்யலாமா?
*வாசகி, தஞ்சாவூர்*

பதில்: அவர் சொன்னது விதிதான். 2016 ஏப்ரல் முதல், 5 வயது முடிந்து 12 ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால்தான் பாதி. முன்பதிவுத் திரையில் அதைக் கேட்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். இரவுப் பயணத்துக்கு முழு டிக்கெட்டே போட்டுவிடுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் புது சூட்கேஸின் ஒரு பக்கம் பிளந்திருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?
*வாசகர், புதுக்கோட்டை*

பதில்: ஏழு நாளுக்குள் என்றால் முடியும். சர்வதேசப் பயணங்களுக்கு 1999-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும், இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. அதன்படி, சேதமடைந்த பெட்டிக்கு, கையில் வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்து சேர்ந்த பெட்டிக்கு 21 நாள். படம், போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டிய டேக், வாங்கிய பில், எல்லாவற்றையும் சேர்த்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் படிவம் வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். வெளியே வந்துவிட்டால், "காரில் ஏற்றும்போது உடைந்திருக்கலாம்" என்பார்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். பெட்டியின் ஒரு சக்கரம் பெயர்ந்து, அது இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. நள்ளிரவு, கூடத் தூக்கத்தில் இரண்டு பிள்ளைகள், கன்வேயர் அருகே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் பெட்டியை ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். திரும்ப எடுத்ததும் அங்கேயே ஒருமுறை உருட்டிப் பார்க்கிறேன்.

கேள்வி: ஊட்டி இ-பாஸ் வாங்கித் தர டிராவல்ஸ்காரர் 500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
*வாசகர், சேலம்*

பதில்: கொடுக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், ஆனால் அது இலவசம். அரசுத் தளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். அதனால் அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள், முன்பணத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை. அறை பில்லையும் பாருங்கள்: ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். இன்னும் 12 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் போவதென்றால் இந்தப் பாஸே தேவையில்லை.