பேட்டரியைக் கொடுக்கும் முன் ஜாப் ஷீட்டைப் படியுங்கள்

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். நான் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பதினாறு மாதத்துக்கு முன் தீபாவளிக்கு என் தம்பி ஆன்லைனில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். விலை 21,999 ரூபாய், பில் அவன் பெயரில். போன மாதம் ஒரு ராத்திரி சார்ஜில் கிடந்த போன் ஊதி, முதுகு பிளந்து, புகை கக்கியது. மெத்தை ஒரு முழத்துக்குக் கருகிவிட்டது. இழுத்துப் போட்டதில் எனக்கு வலது கையில் கொப்புளம். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த மாடலில் சில பேட்டரிகளில் கோளாறு, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இரண்டு வாரம் முன்பே கம்பெனி தன் இணையதளத்தில் அறிவித்திருக்கிறது. என் போனின் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்) அந்தப் பட்டியலில் இருக்கிறது.

திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில், "வெளிக்கடையில ஸ்க்ரீன் மாத்தியிருக்கீங்க, இந்தத் திட்டத்துல வராது. வாரண்டியும் முடிஞ்சுபோச்சு. வேணும்னா 5,000 ரூபாய் வவுச்சர் தர்றோம், இதுல கையெழுத்துப் போட்டுட்டு போனைக் கொரியர்ல அனுப்புங்க" என்கிறார்கள். வந்தவரை லாபம், வாங்கிக்கொள் என்கிறார் வீட்டுக்காரர். போன் இப்போது மொட்டை மாடியில் ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: சட்டம் கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் அந்தத் தகர டப்பாவைக் கவனியுங்கள். மொட்டை மாடி வெயிலில், மூடிய டப்பாவுக்குள், ஊதிப்போன லித்தியம் பேட்டரி இருப்பது ஆபத்து. ஒரு மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு, போனை அதில் வைத்து, வெளியே காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். பக்கத்தில் துணி, காகிதம், கேஸ் சிலிண்டர் எதுவும் வேண்டாம். உயிர் இருக்கிறதா என்று சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

கொரியரில் அனுப்பவே கூடாது. பழுதான, கம்பெனியே திரும்பப் பெறும் லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றப் பன்னாட்டு விதிகளிலேயே தடை இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் சாம்சங், பேட்டரி தீப்பிடித்த தன் நோட் 7 போன்களைத் திரும்ப வாங்கியபோது, வாடிக்கையாளர்களுக்கு வெப்பம் தாங்கும் தனிப்பெட்டியும் கையுறையும் அனுப்பித்தான் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் ஒரு பழைய நோட் 2 போன், மேலே பை வைக்கும் இடத்தில் புகைந்து, ஊழியர்கள் அதை அணைத்துத் தண்ணீரில் போட வேண்டியதாயிற்று. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சர்வீஸ் சென்டர் உங்களைக் கொரியரில் அனுப்பச் சொல்கிறது. அதை வாட்ஸப்பிலோ மெயிலிலோ எழுத்தில் சொல்லியிருந்தால் அழித்துவிடாதீர்கள். பின்னால் நமக்கு உதவும்.

சரி, கையெழுத்து. போடாதீர்கள். வீட்டுக்காரர் சொல்வது புரிகிறது, 5,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த வவுச்சருக்கு நீங்கள் கொடுக்கப்போவது இரண்டு. "இதற்குமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி அந்தப் படிவத்தில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், அது ஒன்று. இன்னொன்று, அந்தப் பேட்டரி. உங்கள் வழக்கின் முதல் சாட்சியே அதுதான். அது போய்விட்டால், நாளை கம்பெனி வக்கீல் எழுந்து, மெத்தை கருகியது சார்ஜரால், வீட்டு ஒயரிங்கால் என்று சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

என்னிடம் வருகிறவர்களில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு நுகர்வோர் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தீர்வு ரசீதில் கையெழுத்துப் போட்டது மட்டுமே புகாரைத் தடுத்துவிடாது, ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கப்பட்டது என்று காட்டினால் நுகர்வோர் ஆணையம் தலையிடலாம் என்று சொன்னது. ஆனால் அதைக் காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். தெரிந்தே அந்தச் சுமையை ஏன் வாங்க வேண்டும்?

இப்படிக் கம்பெனி ஒரு பொருளைத் திரும்பப் பெறும்போது ஜனங்கள் நடந்துகொள்ளும் விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி பேட்டரிகளுக்கு எச்சரிக்கை விட்டது. ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்தவை அவை. உலகம் முழுக்கச் சூடானதாகப் பதிவானது சுமார் நூறு. நம்மூரில் போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பின்புறம் இருக்கும் 26 எழுத்து எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்கள். வெடிக்குமாமே என்ற பயம் குறுஞ்செய்தியில் பரவி, சர்வீஸ் சென்டர்களில் கூட்டம். நோட் 7 விஷயத்தில் நேர் எதிர். 2016 செப்டம்பர் 2-ஆம் தேதி 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, மாற்றுப் போன் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அப்படியும் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் சார்ஜே ஏறாதபடி மென்பொருள் அனுப்பி, அந்தப் போன்களைச் செயலிழக்க வைக்க வேண்டியதாயிற்று.

பயந்தவர்களுக்கும் பிடிவாதக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு நினைப்பு: கம்பெனி ஏதோ சலுகை தருகிறது, வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாவிட்டால் விடலாம். சலுகை இல்லை அது. குறிப்பிட்ட எண்ணுள்ள பேட்டரிகளில் கோளாறு என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் வாக்குமூலம் என்றுதான் நான் அதைப் பார்ப்பேன். அந்த அறிவிப்புப் பக்கத்தையும், உங்கள் ஐஎம்இஐ எண்ணைப் போட்டால் 'தகுதி உண்டு' என்று வரும் பக்கத்தையும், தேதி தெரிகிற மாதிரி இன்றே படமெடுத்து வையுங்கள். இணையதளத்தில் வாசகங்கள் மாறும்.

இனி உங்கள் கோரிக்கை. அதைச் சட்டத்தின் கண்ணோடு இரண்டாகப் பிரிக்க வேண்டும், இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். போனின் விலை ஒரு கணக்கு. மெத்தையும் கையும் வேறு கணக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். அதில் 'தீங்கு' என்றால் உடல் காயம், மற்ற உடைமைகளுக்கு வந்த சேதம், அவற்றோடு சேர்ந்த மன உளைச்சல். அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதில் சேராது. ஆகவே மெத்தைக்கும் கொப்புளத்துக்கும் 84-ஆம் பிரிவில் தயாரிப்பாளரைக் கேட்க வேண்டும். போனின் 21,999 ரூபாயைக் குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு என்ற வழக்கமான வழியில் கேட்க வேண்டும். ஒரே புகார் மனுவில் இரண்டையும் எழுதலாம், தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள்.

'நாங்கள்தான் இரண்டு வாரம் முன்பே எச்சரித்தோமே' என்று கம்பெனி சொல்லும். தீங்கைத் தவிர்க்கப் போதுமான எச்சரிக்கை தராததும் 84-ஆம் பிரிவில் பொறுப்புக்கு ஒரு காரணம். ஆர்டர் போட்ட தளத்தில் உங்கள் தம்பியின் மொபைல் எண் இருக்கிறது, உங்கள் போனுக்கு வாரம் ஒரு விளம்பரம் வருகிறது. ஆபத்து வந்தபோது மட்டும் இணையதளத்தின் ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது போதுமான எச்சரிக்கையா என்று கேட்பேன். தம்பியின் எஸ்எம்எஸ், மெயில், ஸ்பாம் பெட்டி எல்லாவற்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு செய்தி வந்து கிடந்தால் இந்த வாதத்தை எடுக்க வேண்டாம்.

வாரண்டி முடிந்துபோச்சு என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். கம்பெனி அறிவித்த திட்டம் வாரண்டியைச் சார்ந்ததா என்று அறிவிப்பிலேயே பாருங்கள். தீங்குக்கான பொறுப்போ வாரண்டிச் சீட்டின் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. ஸ்க்ரீன் விஷயம் அப்படி இல்லை, உங்கள் வழக்கின் பலவீனம் அதுதான், மறைக்காமல் சொல்கிறேன். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது இந்த அத்தியாயத்தில் வழக்குப் போட முடியாது என்கிறது 87-ஆம் பிரிவு. தயாரிப்பாளரும் அதே பாட்டைப் பாடுவார். சில மாடல்களில் ஸ்க்ரீனைக் கழற்றும்போது பேட்டரி அழுந்தவோ வளையவோ வாய்ப்பு உண்டு என்பதும் உண்மை. ஆகவே ஸ்க்ரீன் மாற்றிய கடையில் பில் கேளுங்கள். என்ன கழற்றினார், பேட்டரியைத் தொட்டாரா என்று கடைக்காரர் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் பாதி பலவீனம் போய்விடும். மீதிக்குப் பரிசோதனைதான். 38-ஆம் பிரிவில், குறைபாட்டைச் சோதிக்காமல் முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையம் பொருளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பேட்டரியைக் கையை விட்டு அனுப்பாதீர்கள் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருந்தால் (எனக்கும் பயமாகத்தான் இருக்கும்) நேரில் கொண்டுபோய் ஒப்படைக்கலாம், ஆனால் ஜாப் ஷீட் (பொருளைப் பெறும்போது அதன் நிலையை எழுதி சர்வீஸ் சென்டர் தரும் சீட்டு) இல்லாமல் கூடாது. அதில் 'பேட்டரி ஊதி வெடித்த நிலை, பின்மூடி பிளந்துள்ளது, கருகிய தடம் உள்ளது' என்று அவர்கள் கையால் எழுத வேண்டும். வழக்கமாக 'ஆன் ஆகவில்லை' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கு முடியும்வரை போனையும் பேட்டரியையும் அழிக்கக் கூடாது என்று அன்றே மெயில் போடுங்கள். அதன்பின் புகார் மனுவோடு, பொருளைப் பாதுகாக்க இடைக்கால உத்தரவு கேட்டுத் தனி மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

புகார் போடப் பெங்களூருக்கோ டெல்லிக்கோ போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டத்தின் பெரிய வசதி. உங்களுக்குத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன், இருந்தாலும் இதுதான் உண்மை. அதற்கு முன் கம்பெனிக்கும் விற்ற தளத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். அவர்களால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் பல கம்பெனிகள் அங்கே பதிந்ததும் வவுச்சரை விட்டு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கால வரம்பு இரண்டு வருடம். புகை வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு, ஆனால் அந்த வாதமே தேவைப்படாதபடி போன் வாங்கிய தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். இன்னும் எட்டு மாதம் கையில் இருக்கிறது. ஆய்வகப் பரிசோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? போன் விலை, மெத்தை விலை, மருத்துவச் செலவு, நியாயமான மன உளைச்சல் தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம் கேட்டால் ஐந்தாவது கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தென் கொரியாவில் நோட் 7 வாங்கியவர்கள் பலர் சேர்ந்து, மாற்றுவதற்காக அலைந்த சிரமத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். உங்களுக்குக் காயமும் கருகிய மெத்தையும் இருப்பதால் அவர்களைவிட வலுவான நிலை, அந்த வலுவை வாய்க்கு வந்த தொகை கேட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு பத்திரமாக இருக்கிறதல்லவா? மெத்தையைக் குப்பையில் போட்டுவிடவில்லையே?

வெளியில் ஸ்க்ரீன் மாற்றிய எல்லோரையும் இந்தக் கம்பெனி இப்படித் திருப்பி அனுப்புகிறது என்றால் அது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. இந்த மாதிரிப் பலரைப் பாதிக்கும் விஷயத்தில் மாவட்ட ஆட்சியரிடமே மனுக் கொடுக்க 17-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வரை போகலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட அதற்கு 20-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு.

பில் தம்பி பெயரில் இருப்பது தடையே இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். தையல் ஆர்டர் எடுக்க அந்தப் போனைப் பயன்படுத்தியதை வைத்து 'வணிக நோக்கம், ஆகவே நுகர்வோர் இல்லை' என்று எதிர்தரப்பு கிளப்பினால், சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறவருக்கு அந்தத் தடையிலிருந்து சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. நீங்களே புகார்தாரராக இருங்கள். அக்காவுக்குத் தீபாவளிப் பரிசாக வாங்கிக் கொடுத்தேன் என்று தம்பியிடம் ஒரு பிரமாண வாக்குமூலமும், பில்லின் நகலும் வாங்கி மனுவோடு இணைத்துவிடுங்கள்.