பன்னிரண்டாவது இடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து பற்றிய உங்கள் குறிப்பில் கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர் என்று இருந்தது. அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். என் அக்கா மகள் டல்லாஸ் பக்கம் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். அறை முழுக்க வீராங்கனை பெய்ஜ் பெக்கர்ஸ் படம்தான். ‘ப்ரோ (தொழில்முறை ஆட்டக்காரி) ஆகிறேன்’ என்று நிற்கிறாள். அக்கா வீட்டுக்காரரோ, ‘நாட்டுக்கே முதல் ஆளாக வந்தாலும் இவ்வளவுதான் என்றால் எதற்கு இந்தப் பாடு’ என்கிறார். இரண்டு பேரும் நடுவில் என்னை இழுக்கிறார்கள். எனக்கோ கூடைப்பந்து என்றால் கோவையில் பி.எஸ்.ஜி. டோர்னமென்ட் பார்த்ததோடு சரி. இந்தத் தொழில் உண்மையில் எப்படித்தான் நடக்கிறது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அச்சுப்பிழை இல்லை. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் 2024 டிராஃப்ட்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) இந்தியானா ஃபீவர் அணி முதல் ஆளாக எடுத்த கிளார்க்குக்கு நான்கு ஆண்டுகளுக்கு முறையே 76,535, 78,066, 85,873, 97,582 டாலர். மொத்தம் 3,38,056. நான்காவது ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். இதில் பேரத்துக்கே இடமில்லை. லீகும் வீராங்கனைகள் சங்கமும் 2020-இல் போட்ட ஒப்பந்தத்தில், எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டால் எவ்வளவு என்று அட்டவணையே இருந்தது. நைக்கி நிறுவனம் அவருக்கு எட்டு ஆண்டுகளில் 28 மில்லியன் டாலர் வரை தருவதாகச் செய்திகள் வந்தன. அது விளம்பரப் பணம், லீகின் கணக்கில் வராது.

ஆனால் உங்கள் அக்கா வீட்டுக்காரர் பார்க்கவேண்டியது முதல் ஆளை அல்ல, அணியின் பதினோராவது, பன்னிரண்டாவது ஆளை. இந்தத் தொழிலில் சம்பளத்தைவிடப் பெரிய சிக்கல் இடம்.

2025-இல் டபிள்யூ.என்.பி.ஏ.வில் 13 அணிகள். ஒரு அணியில் அதிகபட்சம் 12 பேர், ஆக மொத்தம் 156 இடம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முதல்நிலைக் கல்லூரி அணிகளோ சுமார் 360. அந்த 156 இடமும் முழுதாக நிரம்பவில்லை. ஒரு அணி ஆண்டுக்குச் சம்பளமாகச் செலவழிக்க 15,07,100 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. ஒரு டாலர்கூட அதைத் தாண்ட வழியில்லை. இரண்டு நட்சத்திரங்களுக்கு உச்சச் சம்பளமான 2,49,244 டாலரைக் கொடுத்துவிட்டால் மீதி 10,08,612. அதைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு சராசரி ஒரு லட்சம், ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பல அணிகள் பதினொரு பேரோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

கடைசி இடத்துக்கான கணக்கு இன்னும் கொடுமை. அந்த ஆண்டு புதியவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 66,079 டாலர். மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 78,831. வித்தியாசம் 12,752 டாலர். ஐந்தாண்டு ஆடிய கை தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் நன்றாகவே ஆடியிருப்பார். வரம்புக்குள் அவரை அடக்க இந்தப் பன்னிரண்டாயிரம் இல்லை என்பதற்காகவே வீட்டுக்கு அனுப்பப்படுவார். டிராஃப்ட் மூன்று சுற்று நடக்கும். இரண்டாம், மூன்றாம் சுற்றில் பெயர் வாசிக்கப்பட்டு, தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்களில் நிறையப் பேர் சீசன் தொடங்குவதற்குள் கழிக்கப்படுகிறார்கள். புதியவர்களின் ஒப்பந்தம் உறுதி செய்யப்பட்டதல்ல, முகாமில் கழித்துவிட்டால் அந்த ஆண்டுச் சம்பளம் கிடையாது.

கழிக்கப்பட்டவர்கள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்வார்கள். ஒரு அணியில் ஆடக்கூடிய நிலையில் பத்துப் பேருக்குக் கீழே குறைந்தால் அவசர ஒப்பந்தத்தில் ஆள் சேர்க்கலாம். சீசனின் பின்பாதியில் ஏழு நாள் ஒப்பந்தங்களும் உண்டு. ஏழு நாளுக்குள் புது அணியின் ஆட்ட முறைகளை மனப்பாடம் செய்து, நான்கு நிமிடம் கிடைத்தால் அதில் தப்பில்லாமல் ஆடவேண்டும். இப்படி வந்து நிலைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது காலண்டர். கிளார்க்கின் 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 7 அன்று அயோவா பல்கலைக்கழகத்துக்காகக் கல்லூரி இறுதிப்போட்டி. ஏப்ரல் 15 டிராஃப்ட். ஏப்ரல் 28 முகாம் தொடக்கம். மே 14 முதல் ஆட்டம். 20 புள்ளி எடுத்தார், 10 முறை பந்தை எதிரணியிடம் விட்டார். கல்லூரியில் 39 ஆட்டம், லீகில் 40, லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் பிளேஆஃபில் 2. முந்தைய நவம்பரிலிருந்து செப்டம்பர் வரை 81 ஆட்டங்கள். அதன்பின் குளிர்காலத்தில் வேறொரு லீகில் ஆட வந்த அழைப்பை மறுத்து ஓய்வெடுத்தார். அப்படியும் அடுத்த ஆண்டு தொடை, இடுப்புத் தசைக் காயங்களால் 44-இல் 13 ஆட்டம்தான் ஆட முடிந்தது.

முந்தைய தலைமுறைக்கு அந்த ஓய்வும் இல்லை. லீக் மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. மீதி மாதங்களில் ரஷ்யா, துருக்கி, சீனா, இத்தாலி, ஸ்பெயின் என்று போய் ஆடினால்தான் காசு. வீராங்கனை டயானா டோராசியின் கணக்கு பிரசித்தம். ரஷ்யாவின் எகாடெரின்பர்க் அணி அவருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் அளவில் கொடுத்ததாகச் செய்தி. அமெரிக்காவில் அப்போதைய உச்சச் சம்பளம் சுமார் 1,07,000. 2015-இல் அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லி ரஷ்ய அணியே பணம் கொடுத்தது. அவரும் ஆடவில்லை. சொந்த நாட்டு லீகில் ஆடாமலிருக்க வெளிநாட்டில் கூலி! அந்த ஓய்வும் சேர்ந்துதான் 42 வயது வரை இழுத்தது என்பது என் எண்ணம். 20 சீசன், 10,646 புள்ளி, ஆறு ஒலிம்பிக் தங்கம்.

ஓய்வில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு பிரியானா ஸ்டூவர்ட். 2018-இல் லீகின் மிகச் சிறந்த வீராங்கனை. 2019 ஏப்ரலில் ஹங்கேரியில் யூரோலீக் (ஐரோப்பிய கிளப் அணிகளின் போட்டி) இறுதிப்போட்டி ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த அமெரிக்க சீசன் முழுக்கப் போயிற்று. ரஷ்ய வழி 2022-இல் லீக் வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானதோடும், உக்ரைன் போரோடும் அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டது.

வெளிநாட்டு ஒப்பந்தம் வேறு ரகம். சம்பளத்தை வரிபோக மாதாமாதம் கையில் தருவதாகப் பேசுவார்கள். வீடு, கார், விமான டிக்கெட் அணியின் பொறுப்பு. ஏஜென்ட் கமிஷன் வழக்கமாகப் பத்து சதவீதம், அதையும் பெரும்பாலும் அணியே கட்டும். போய் இறங்கிய இரண்டு மூன்று நாளில் மருத்துவப் பரிசோதனை; அதில் தேறினால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. முந்தைய நாட்டுச் சங்கத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வராமல் களத்தில் இறங்க முடியாது. பெரிய தலைவலி, சம்பள பாக்கி. அணி தோற்றால் ஸ்பான்சர் விலகுவார், மூன்றாம் மாதச் சம்பளம் நிற்கும். தகராறு வந்தால் ஜெனீவாவிலுள்ள கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் உள்ளூர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

இப்போது இந்த இரட்டை ஓட்டம் சுருங்கியிருக்கிறது. 2024 முதல், இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர் அமெரிக்க முகாமுக்குக் குறித்த நாளில் வந்து சேராவிட்டால் அந்த சீசனே ஆட முடியாது என்று விதி வந்தது. மறுபக்கம் ஸ்டூவர்ட்டும் நபீசா காலியரும் சேர்ந்து 2025 ஜனவரியில் மயாமியில் ‘அன்ரைவல்ட்’ என்ற மூவர் அணி லீகைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் 36 பேர், சராசரிச் சம்பளம் 2 லட்சம் டாலருக்கு மேல், கூடவே லீகில் பங்கு. வழக்கமான ஒப்பந்தத்தில் ஒரு முழு சீசன் ஆடினாலும் கிடைக்காத தொகை பலருக்குச் சில வாரங்களில் கிடைத்தது.

நான் சொன்ன சம்பளங்கள் 2025 வரைக்குமானவை. 2026 முதல் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் தரும் ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானபின், 2024 அக்டோபரில் வீராங்கனைகள் பழைய ஒப்பந்தத்திலிருந்து விலகினார்கள். 2025 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் ‘தரவேண்டியதைத் தாருங்கள்’ என்று பொருள்பட எழுதிய சட்டையோடு வந்து நின்றதும் அதற்காகத்தான். எண்கள் ஏறினாலும் இடங்கள் அந்த வேகத்தில் ஏறாது. 2026-இல் டொரன்டோவும் போர்ட்லாந்தும் சேர்ந்தாலும் 15 அணி, அணிக்கு 12 பேர் கணக்கில் 180 இடம், அவ்வளவே.

ஆகவே பெண்ணின் அப்பாவிடம் சொல்லுங்கள்: பதினோராம் வகுப்பில் பேசவேண்டியது 76,535 டாலரை அல்ல, நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கும் உதவித்தொகையை. அது கிடைக்கக்கூடியது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் பெறவும் தடையில்லை. அமெரிக்கப் பெண்கள் பொதுவாக 22 வயது ஆகும் ஆண்டில்தான் டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார்கள், ஆகவே பட்டம் கைக்கு வந்துவிடும்.

பெண்ணிடம் சொல்ல ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் பெண்களின் முழங்கால் முன் குறுக்கு ஜவ்வு (ஏ.சி.எல்.) ஆண்களுடையதைவிடப் பல மடங்கு அதிகமாக அறுகிறது, பெரும்பாலும் யாரும் இடிக்காமலே. குதித்து இறங்கும்போதோ சட்டென்று திசை திருப்பும்போதோ முட்டி உள்பக்கம் மடிவதுதான் காரணம். அறுந்தால் அறுவை சிகிச்சை, ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்பினால் மறுபடி அறுகிற வாய்ப்பு கூடுகிறது. அவள் சுவரில் ஒட்டியிருக்கும் பெக்கர்ஸுக்கே 2022 ஆகஸ்டில் அறுந்து, கல்லூரியில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார். 2025-இல் அவரை முதல் ஆளாக எடுத்தது டல்லாஸ் அணி.

ஒரு அடி உயரப் பெட்டியிலிருந்து அவளை இரண்டு காலாலும் குதித்து இறங்கச் சொல்லி, நேர் எதிரில் போனை முட்டி உயரத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். தரையைத் தொட்டு மடங்கும் கணத்தில் முட்டி, கால் பெருவிரலுக்கு நேராக இருக்கிறதா, இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒற்றைக் காலில். சாய்ந்தால் ஒரு ஃபிசியோவிடம் காட்டி, இடுப்புக்கும் பின்தொடைக்கும் பயிற்சி வாங்கி, வாரம் மூன்று நாள், ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பிலேயே பதினைந்து இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளட்டும். ஆறு வாரம் கழித்து அதே பெட்டி, அதே கோணத்தில் இன்னொரு படம்.

அன்புடன்