தினமும் மாத்திரை வேண்டாம் என்றால் வேறு என்ன வழி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. மகனுக்கு ஐந்து வயது. மகளுக்கு எட்டு மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். கிளினிக்கில் தந்த மாத்திரையை ஒழுங்காகப் போட முடியவில்லை. விடியற்காலையில் சமைத்து வைத்து, சின்னவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடும் அவசரத்தில் பல நாள் மறந்துபோகிறது. இன்னும் நான்கு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் நினைக்கிறோம். ஊசி, லூப், கையில் வைக்கும் குச்சி ஆகியவற்றில் எது எனக்குப் பொருந்தும்? லூப் போட்டால் பாரம் தூக்க முடியாது, அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். மகளைச் சுமந்திருந்தபோது எனக்கு இரத்தம் குறைவு என்றும் சொன்னார்கள். – வாசகி, தலவாக்கலை

பதில்: சகோதரி, மாத்திரை மறந்துபோவதை உங்கள் கவனக்குறைவாக நினைத்து மனம் வருந்த வேண்டாம். ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போடும் 100 பெண்களில் ஓர் ஆண்டில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அரிது. ஆனால் நடைமுறையில், மறதியும் அவசரமும் சேர்ந்துகொள்ளும்போது, அதே 100 பேரில் ஏறத்தாழ 7 பேர் கருத்தரிக்கிறார்கள். ஊசிக்கு அந்த எண்ணிக்கை 4 அளவில் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் அடுத்த ஊசிக்கான திகதி தவறிப்போவதால்தான். லூப்பிலும் குச்சியிலும் 100க்கு ஒன்றை விடக் குறைவு. ஒரு தடவை வைத்துவிட்டால் நாம் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதே அதற்குக் காரணம். நான்கு ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிற உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றே கூடுதல் பொருத்தம் என்பது என் எண்ணம். எந்த ஒன்று என்பதை உங்கள் இரத்தத்தின் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே கிளினிக்குக்குப் போனதும் முதல் வேலையாக ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்கிறோம். லூப் என்று நாம் சொல்லும், கருப்பைக்குள் வைக்கும் கொப்பர் டியில் ஹோர்மோன் எதுவும் இல்லை. அதைச் சுற்றியுள்ள செம்புதான் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் தாய்ப்பாலுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ எந்தப் பாதிப்பும் இல்லை என்பது பெரிய நன்மை. ஆனால் வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மாதவிடாய் இரத்தம் வழமையை விடக் கூடுதலாகப் போகும், அடிவயிற்று வலியும் சற்று அதிகரிக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்போடு, கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய விடயம் அல்ல. இரத்தசோகை இருந்தால் லூப் போடவே கூடாது என்று இல்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு போட்டுக்கொள்ளலாம். எனினும் வேறு நல்ல வழி கையில் இருக்கும்போது அந்தச் சிரமத்தை ஏன் படவேண்டும் என்று நான் கேட்பேன்.

அந்த வேறு வழி குச்சி. அரசாங்கக் கிளினிக்குகளில் பலருக்கும் வைக்கப்படும் ஜடெல் என்பது ஹோர்மோன் அடங்கிய இரண்டு மெல்லிய குச்சிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் தீக்குச்சி அளவில் இருக்கும். நீங்கள் குறைவாகப் பாவிக்கும் கையின் மேற்பகுதியில், உட்புறமாக, விறைப்பூசி போட்டு, தோலுக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், தையல் தேவைப்படாது. விரலால் தடவிப் பார்த்தால் தோலுக்கடியில் இரண்டும் தட்டுப்படும், வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்கு வேலை செய்யும். தாய்ப்பால் கொடுப்போரும் வைத்துக்கொள்ளலாம். கையில் போடும் கட்டு நான்கைந்து நாட்களுக்கு நனையக்கூடாது என்பதால், அடைமழை பெய்யும் நாட்களைத் தவிர்த்து, முடிந்தால் வேலை இல்லாத ஒரு நாளுக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்வது நல்லது. கையில் சிறிது கன்றலும் வலியும் சில நாட்கள் இருக்கும். அதன் பிறகு கொழுந்து பறிக்கவோ கூடை சுமக்கவோ அது தடையாக இராது.

குச்சி வைத்த பெண்கள் அதை எடுத்துவிடச் சொல்லி வருவதற்கு முக்கிய காரணம் மாதவிடாய் மாறிப்போவதுதான். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பலர் பயந்திருக்க மாட்டார்கள். முதல் ஆண்டில் திகதி தவறி வரலாம், துளித்துளியாகப் பல நாட்கள் படலாம், சிலருக்கு மாதக்கணக்கில் வராமலே போகலாம். வராமல் நின்ற இரத்தம் வயிற்றுக்குள் கட்டிக்கொண்டு கெட்டுப்போகும் என்று லயத்தில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி எதுவும் தேங்குவதில்லை. கருப்பையின் உட்சுவர் தடிப்பது குறைவதால் வெளியேற வேண்டிய இரத்தமும் குறைகிறது. உங்களைப் போல இரத்தம் குறைந்தவருக்கு அது நன்மையே. தலைவலி, முகப்பரு, எடையில் சிறு மாற்றம் ஆகியவை சிலருக்கு வரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமஸெபின் அல்லது ஃபெனிடொயின் எடுப்பவர்களுக்குக் குச்சியின் வலிமை குறைந்துவிடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதை வைப்பதில்லை. இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாமியாரின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பயம் அவருடையது மட்டும் அல்ல. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. லூப் வைக்கும் வேளையில் கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது மிக அரிதாக நடக்கக்கூடியது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்களிடம் போட்டு, நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடியும் காட்டச் சொல்கிறோம். முதல் ஆண்டில், குறிப்பாக முதல் சில மாதங்களில், சிலருக்கு அது தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. பாரம் தூக்குவதால் அது இடம் மாறாது. பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும் முறை அது. உங்கள் இரத்த அளவு நன்றாக இருந்து, ஹோர்மோன் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு வெள்ளைபடுதல் ஆகியவை வந்தாலோ லூப்பில் தொங்கும் நூல் விரலுக்குத் தட்டுப்படாமல் போனாலோ உடனே காட்ட வேண்டும்.

ஊசியைக் கடைசியில் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெப்போ ஊசி நல்ல முறைதான். யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் ஆண்டுக்கு நான்கு தடவை கிளினிக் போக வேண்டும், கிளினிக் நாள் வேலைநாளாக இருந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். பேர் போகுமே என்று ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் கர்ப்பமாகி வந்த சகோதரிகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்திய பிறகு கரு தங்கவும் காலதாமதம் ஆகும். குச்சியையோ லூப்பையோ எடுத்துவிட்டால் அந்தத் தாமதம் இல்லை.

கணவர் மாதத்துக்கு ஒரு தடவைதானே வருகிறார் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கணவர் வரும் வீடுகளிலும் எதிர்பாராத கர்ப்பங்கள் நடக்கின்றன. தாய்ப்பால் கொடுத்தால் கரு தங்காது என்பதும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, வேறு உணவு எதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே பொருந்தும். உங்கள் மகளுக்கு எட்டு மாதம். ஆகவே முடிவு எடுக்கும்வரை ஆணுறை பாவியுங்கள். பால்வினை நோய்களிலிருந்து காப்பதும் அது ஒன்றுதான். லூப்போ குச்சியோ அதைச் செய்யாது. மாதவிடாய் தொடங்கிய ஏழு நாட்களுக்குள் குச்சி வைத்தால் உடனே பாதுகாப்புக் கிடைக்கும். வேறு நாளில் வைத்தால் அடுத்த ஏழு நாட்களுக்கு ஆணுறை தேவை.

இந்தச் சேவைகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழுள்ள கிளினிக்குகளில் இலவசம். உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார். இன்னொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும். 1980களில் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் எத்தனையோ தாய்மார், அது நிரந்தரமானது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளாமலே மேசையில் படுத்தார்கள். வீட்டில் மூத்தவர்கள் இன்றும் கிளினிக் என்றால் சந்தேகப்படுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே விளங்கவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வாருங்கள். வைத்த பிறகு பிடிக்கவில்லை என்றால், ஐந்து ஆண்டு முடியாவிட்டாலும் எடுத்துவிடும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு நீங்கள் யாரிடமும் காரணம் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு 39 வயது, மூன்று பிள்ளைகள். மனைவிக்கு இரத்த அழுத்தம் அதிகம், கடைசிப் பிள்ளை ஒப்பரேஷன் செய்துதான் பிறந்தது. இனிப் பிள்ளை வேண்டாம். அவருக்கு இன்னொரு ஒப்பரேஷன் வேண்டாமே, நானே செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். ஆண்மை போய்விடும், கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டும்) வேலை செய்ய முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – வாசகர், பொகவந்தலாவை

பதில்: சகோதரரே, உங்கள் யோசனை மிகச் சரியானது, இப்படி யோசிக்கும் ஆண்கள் நம் பகுதியில் இன்னும் பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்கள் மனைவிக்கு ஏற்றது அல்ல. அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் டெப்போ ஊசியையும் தவிர்ப்போம். பெண்ணுக்குச் செய்யும் எல்.ஆர்.டி. (கருக்குழாயைத் துண்டிக்கும்) சிகிச்சைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குச் செய்வதோ விதைப்பையின் தோலில் விறைப்பூசி போட்டு, சிறு துளை வழியாக விந்துக் குழாயை மட்டும் துண்டிப்பது; அரை மணி நேரத்துக்குள் முடிந்து அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆண்மைக்குரிய ஹோர்மோன் விதைகளிலிருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது; வெட்டப்படும் குழாயோடு அதற்குத் தொடர்பே இல்லை. விறைப்பும் ஆசையும் முன்போலவே இருக்கும், வெளியேறும் திரவத்தின் அளவில் நீங்கள் வித்தியாசம் காணமாட்டீர்கள். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்காமல் இருத்தல் ஆகியவை போதும். அதற்குப் பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுக்கலாம். ஆனால் குழாயில் ஏற்கெனவே உள்ள விந்தணுக்கள் தீர்ந்துபோக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதை மறக்கக் கூடாது. அதுவரை ஆணுறை பாவித்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்னரே நம்பலாம். இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிட்டு, பிறகு மனைவி கர்ப்பமானதும் அவர் மீது சந்தேகப்பட்ட குடும்பங்கள் உண்டு. அந்த அநியாயம் உங்கள் வீட்டில் நேர வேண்டாம். இது நிரந்தரமான முறை; பின்னர் குழாயைச் சேர்த்துத் தைத்தாலும் பிள்ளை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உங்கள் இருவரில் யாருக்காவது சிறு தயக்கம் இருந்தாலும், மனைவிக்கு லூப் போட்டுக்கொண்டு சில ஆண்டுகள் யோசியுங்கள். இரத்த அழுத்தம் அதற்குத் தடை அல்ல.

கேள்வி: இரண்டு வருஷம் டெப்போ ஊசி போட்டேன். கடைசி ஊசி போட்டு எட்டு மாதம் ஆகிறது. மாதவிடாய் இன்னும் சரியாக வரவில்லை, கருவும் தங்கவில்லை. ஊசி என்னை மலடியாக்கிவிட்டதாக வீட்டில் பேசுகிறார்கள். வயது 30. – வாசகி, பண்டாரவளை

பதில்: ஊசியால் யாரும் மலடி ஆவதில்லை. மருந்து உடம்பிலிருந்து முழுவதும் நீங்கக் காலம் எடுக்கிறது. கடைசி ஊசியிலிருந்து கரு தங்கச் சராசரியாகப் பத்து மாதம் அளவில் ஆகும், சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரையும் போகலாம். எத்தனை ஊசி போட்டீர்கள் என்பது இந்தத் தாமதத்தைக் கூட்டுவதும் இல்லை. மாதவிடாய் வராவிட்டாலும் எந்த மாதத்திலும் கரு தங்கக்கூடும் என்பதால் இடையிடையே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். போலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். கடைசி ஊசி போட்டு ஒன்றரை ஆண்டு ஆகியும் மாதவிடாய் திரும்பவில்லை அல்லது கரு தங்கவில்லை என்றால் வைத்தியசாலையில் மகப்பேற்று நிபுணரிடம் காட்டுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிச் செல்லுங்கள், அவருக்கும் பரிசோதனை தேவை.