ஷண்டிங் என்ஜின் பாயிண்ட்டில் நிற்பது ஏன்? – மாடல் ரயில் கேள்வி பதில்

யார்டில் வேகன்களைச் சேர்த்துப் பிரிக்கும் சிறிய ஷண்டிங் என்ஜின்களைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஹெச்.ஓ. (1:87) அளவில் இரண்டு அச்சு ஷண்டிங் என்ஜின் ஒன்று வைத்திருக்கிறேன். நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறது. பாதை பிரியும் பாயிண்ட்டைக் கடக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது, விரலால் தட்டினால் நகர்கிறது. பெரிய என்ஜின் அதே பாயிண்ட்டில் தடங்கலே இல்லாமல் போகிறது. குறை என்ஜினிலா, பாதையிலா?

பதில்: மின்சாரம் என்ஜினுக்குள் போகும் வழியில்தான் குறை. உங்கள் பாயிண்ட்டின் ஃபிராக், அதாவது இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் 'வி' வடிவ மூக்கு, பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். அதன்மேல் ஏறும் சக்கரத்துக்கு மின்சாரம் கிடையாது. இரண்டு அச்சு என்ஜினுக்கு ஒரு பக்கத்தில் இருப்பது இரண்டே சக்கரம். ஒன்று ஃபிராக்கில் இருக்கும்போது அந்தப் பக்கத்து மின்சாரம் முழுவதையும் மற்றொன்று வாங்கித் தர வேண்டும். அதில் அழுக்கு இருந்தாலோ, பாதை லேசாக முறுக்கியிருந்து அது தூக்கிக்கொண்டாலோ மோட்டார் நின்றுவிடும். சமமில்லாத தரையில் போட்ட நாற்காலி மாதிரி, விறைப்பான நான்கு சக்கரங்களில் மூன்றுதான் நன்றாக அழுந்தி நிற்கும். பெரிய என்ஜினில் 8 அல்லது 12 சக்கரங்கள் மின்சாரம் எடுக்கின்றன, ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் வெளியே தெரியாது.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். மேல்கூட்டைக் கழற்றி, என்ஜினை ஸ்பாஞ்சின்மேல் மல்லாக்க வையுங்கள். டி.சி. என்ஜின் (டிகோடர் சிப் இல்லாமல் நேர்மின்சாரத்தில் ஓடுவது) என்றால் மின்சாரம் எடுக்கும் கம்பிகளில் 9 வோல்ட் கொடுத்துச் சக்கரங்களைச் சுழலவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியைச் சக்கரத்தின் ஓட்டப்பரப்பில் வைத்துப் பிடியுங்கள். பஞ்சு கறுப்பது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். சக்கரத்தின் பின்புறத்தை மறக்க வேண்டாம், மின்சாரம் எடுக்கும் வைப்பர் கம்பி உரசுவது அங்கேதான். மேல்கூட்டைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம், ஆல்கஹால் அக்ரிலிக் பெயிண்ட்டைக் கரைத்துவிடும். உப்புத்தாள் போடவே கூடாது. அது விடும் கீறல்களில் அழுக்கு முன்னைவிடச் சீக்கிரம் சேரும்.

அடுத்து மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதன் பக்கத்து ஒயருக்கும் இடையே தொடர்ச்சி பாருங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டும்போது பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தால் வைப்பர் சரியாகத் தொடவில்லை. 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் புது வைப்பர் செய்து, சக்கரத்தின் பின்புறத்தை லேசாகத் தொடும்படி சால்டர் செய்யுங்கள். அழுத்தம் கூடினால் அதுவே பிரேக்காகிவிடும், சக்கரம் சுற்றாமல் சறுக்கும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் பாயிண்ட்டை மாற்றுவதுதான் முறை. பிளாஸ்டிக் ஃபிராக்குக்கு மின்சாரம் கொடுக்க வழியில்லை, உலோக ஃபிராக் உள்ள பாயிண்ட் வாங்க வேண்டும். ஃபிராக்கிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடுங்கள். ஃபிராக்கிலிருந்து ஒரு ஒயரை மூன்று கால் ஸ்லைடு சுவிட்சின் நடுக்காலுக்கும், வெளிப்பக்கத்து இரண்டு தண்டவாளங்களிலிருந்து தலா ஒரு ஒயரைச் சுவிட்சின் ஓரக்கால்களுக்கும் கொடுங்கள். பாயிண்ட்டை நகர்த்தும் கம்பியே சுவிட்சையும் தள்ளட்டும். அப்போது பாதை திரும்பினால் ஃபிராக்கின் மின்துருவமும் கூடவே திரும்பும். முதல் சக்கரம் ஃபிராக்கில் ஏறியதும் ஷார்ட் அடித்தால் பயப்பட வேண்டாம், ஓரக்கால் ஒயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

கேள்வி: மின்சாரம் விட்டுப்போகும் நொடியில் என்ஜினை ஓட்டும் கீப்-அலைவ் கெப்பாசிட்டர் போட்டால் மேலே சொன்ன எதுவுமே தேவையில்லையா? எவ்வளவு மைக்ரோஃபாரட் போட வேண்டும்?

பதில்: சுத்தமும் வைப்பரும் கட்டாயம் தேவை. கெப்பாசிட்டர் அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு, அவ்வளவே.

அளவைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஷண்டிங் வேகத்தில் என்ஜின் விநாடிக்கு 2.5 செ.மீ. ஊர்கிறது என்று வையுங்கள். மின்சாரமில்லாத இடம் 15 மி.மீ. நீளம் என்றால் அதைக் கடக்க 0.6 விநாடி ஆகும். மோட்டாரும் டிகோடரும் (என்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் சிப்) சேர்ந்து 0.1 ஆம்பியர் இழுத்து, மின்னழுத்தத்தில் அதிகபட்சம் 6 வோல்ட் குறையலாம் என்றால், தேவை 0.1 × 0.6 ÷ 6 = 0.01 ஃபாரட். அதாவது 10,000 மைக்ரோஃபாரட். 220 அல்லது 470 மைக்ரோஃபாரட் சாதாரணக் கெப்பாசிட்டர் வேகமாக ஓடும் வண்டிக்கு உதவும், ஊர்ந்து போகும் ஷண்டருக்கு உதவாது. மெதுவாகப் போகிற என்ஜினுக்குத்தான் பெரிய கெப்பாசிட்டர் வேண்டும் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

1 ஃபாரட், 2.7 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் ஆறைத் தொடராக இணைத்தால் 16.2 வோல்ட் தாங்கும், 0.16 ஃபாரட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஐந்து போட்டால் தாங்குவது 13.5 வோல்ட் மட்டுமே, 14–15 வோல்ட் டி.சி.சி. (டிஜிட்டல் கட்டுப்பாட்டு) பாதைக்கு அது ஆபத்து. டிகோடரின் நீல ஒயரிலிருந்து 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸுக்குப் போங்கள். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை நீல ஒயர் பக்கம் வரும்படி சால்டர் செய்யுங்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்டதும் கெப்பாசிட்டர் இழுக்கும் மின்சாரத்தை, பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும்.

கெப்பாசிட்டரின் மைனஸ் போக வேண்டியது டிகோடரின் கிரவுண்டு புள்ளிக்கு. கறுப்பு ஒயருக்கு அல்ல! கறுப்பு ஒயர் இடது தண்டவாளத்திலிருந்து வருவது, அதில் கொடுத்தால் டிகோடர் போய்விடும். கிரவுண்டு புள்ளி எங்கே என்று கையேட்டில் இல்லாத டிகோடரில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

டிகோடரின் எண்ணிட்ட அமைப்புகளான சி.வி.க்களில், சி.வி. 29-இல் அனலாக் ஓட்டத்தையும் அணைத்துவிடுங்கள்: மதிப்பு 6 என்றால் 2, நீண்ட முகவரி வைத்து 38 என்றால் 34. அணைக்காவிட்டால் சிக்னல் விட்டுப்போகும் நேரத்தில் டிகோடர் டி.சி. பாதையில் இருப்பதாக எண்ணி என்ஜினை முழு வேகத்தில் விரட்டக்கூடும். புரோகிராமிங் பாதையில் சி.வி. படிக்க மறுத்தால் காரணம் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதே. அதன் ஒயரில் ஒரு குட்டிச் சுவிட்ச் வைத்தால் போதும்.

கேள்வி: ஷண்டிங்குக்கு எவ்வளவு வேகம் சரி? கண் மதிப்பில் ஓட்டினால் எப்போதும் வேகமாகிவிடுகிறது.

பதில்: ஸ்டாப் வாட்ச் எடுங்கள். ஹெச்.ஓ. அளவில் 314-ஐ மணிக்கு இத்தனை கி.மீ. என்ற எண்ணால் வகுத்தால், என்ஜின் 1 மீட்டர் பாதையைக் கடக்க வேண்டிய விநாடிகள் வரும். 8 கி.மீ. வேகத்துக்கு 39 விநாடி, 15 கி.மீ.க்கு 21 விநாடி. ஓ.ஓ. (1:76) அளவுக்கு 274, 'என்' (1:160) அளவுக்கு 576 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1952 முதல் 1962 வரை 996 கட்டப்பட்ட பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 08 ஷண்டரின் உச்ச வேகமே மணிக்கு 15 மைல்தான். ஓ.ஓ. மாடலில் அது 1 மீட்டருக்கு 11 விநாடிக்குச் சற்று மேல். அதைவிடச் சீக்கிரம் கடந்தால் அசல் வண்டியால் முடியாததைச் செய்கிறீர்கள்.

டிகோடரில் முதலில் சி.வி. 3-ஐயும் 4-ஐயும் (முடுக்கத் தாமதமும் நிறுத்தத் தாமதமும்) பூஜ்யமாக்குங்கள். 128 படி முறையில் 1-ஆம் படியில் என்ஜின் ஊரத் தொடங்கும்வரை சி.வி. 2-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பிறகு சி.வி. 5-ஐக் குறைத்து உச்ச வேகத்தைக் கட்டுங்கள். 255 வரை போகும் டிகோடரில் 110–130 பெரும்பாலும் பொருந்தும். சி.வி. 6 இரண்டுக்கும் நடுவே இருக்கட்டும். கடைசியாக சி.வி. 3-ஐ ஏற்றுங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் முறைப்படி நடக்கும் டிகோடரில் 20 என்றால் நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்கு 18 விநாடி. இந்த வரிசையை மாற்றினால், தொடக்க ஊர்தலைச் சரிசெய்யும்போது முடுக்கத் தாமதம் குறுக்கே வந்து குழப்பும்.

கேள்வி: நான்கு வேகனுக்கு மேல் இழுக்க மறுக்கிறது. எடை சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். தூண்டில் ஈயத்தைத் தட்டையாக்கி, மேல்கூட்டின் உள்ளே இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். மோட்டாரையும் டிகோடரையும் அது தொடக் கூடாது. என்ஜினின் அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், சக்கரங்களின் நடுப்புள்ளியில் நிலையாக நிற்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் இலேசாகி, இழுவையோடு மின்சாரமும் குறையும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வேகனை மாட்டும் கப்ளரைப் பிடித்துக்கொண்டு முழு மின்சாரம் கொடுங்கள். சக்கரம் அதே இடத்தில் சுழல வேண்டும். சுழலாமல் மோட்டார் முனகி நின்றால் எடை அதிகம், உடனே அணைத்துக் குறையுங்கள். அப்படியே ஓட்டினால் மோட்டாரோ டிகோடரோ கருகும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

கேள்வி: சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு குதி. எண்ணெய் விட்டும் போகவில்லை.

பதில்: அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் இரண்டு பற்களுக்கு இடைவெளி கூடிவிடுவதால் வார்ம் கியர் அங்கே இடறுகிறது. சூப்பர் க்ளூ நிற்காது, அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை பிடிப்பதில்லை. அதே பல் எண்ணிக்கையும் துளை விட்டமும் உள்ள புதியதைப் போடுங்கள். மீண்டும் கோக்கும்போது சக்கரங்களின் உள்பக்க இடைவெளி 14.4 மி.மீ. அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். சக்கரங்களை வெளியே இணைக்கும் சைடு ராடு உள்ள என்ஜின் என்றால் இரு பக்கத்துக் கிராங்க்குகளும் 90 பாகை விலகி, எல்லா அச்சிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எண்ணெய் என்றால் பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் செய்யாத மெல்லிய எண்ணெய், ஊசிமுனையில் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகி கியரைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கிளப்பில் அவரவர் ஷண்டரைக் கொண்டுவந்து ஒரே பாதையில் ஓட்டப்போகிறோம். முன்கூட்டியே என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முகவரி. புது டிகோடர் எல்லாம் 3 என்ற முகவரியில்தான் வரும். மாற்றாமல் கொண்டுவந்தால் ஒருவர் குமிழைத் திருப்ப மூன்று என்ஜின்கள் கிளம்பும். என்ஜினின் மேல் எழுதியிருக்கும் எண்ணையே முகவரியாக வைப்பது நல்ல வழக்கம்.

பிறகு கப்ளர் உயரம். ஹெச்.ஓ. அளவில் கேடீ வகைக் கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒருவருடையது தாழ்ந்து இன்னொருவருடையது உயர்ந்திருந்தால் பாதையின் சின்ன மேட்டிலேயே கழன்றுகொள்ளும். கப்ளரின் அடியில் தொங்கும் வளைகம்பி தண்டவாள மட்டத்துக்குக் கீழே போனால் பாயிண்ட்டில் மாட்டி என்ஜினையே கவிழ்க்கும்.

கேள்வி: முதல் ஷண்டர் வாங்கப்போகிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? அமெரிக்க '44 டன்' என்ஜின் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: அது தொழிலாளர் ஒப்பந்தக் கணக்கு. இயக்கச் சக்கரங்களின் மேல் 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள டீசல் என்ஜினில் டிரைவரோடு ஃபயர்மேனும் இருக்க வேண்டும் என்று 1937-இல் அமெரிக்க ரயில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்புக்கொண்டன. 44 அமெரிக்க டன் என்பது 88,000 பவுண்டு, வரம்புக்குச் சற்றுக் கீழே. ஜெனரல் எலக்ட்ரிக் 1940 முதல் 1956 வரை இந்த வகையைக் கட்டியது.

மாடலுக்கும் அது நல்ல தேர்வு. ஹெச்.ஓ.வில் ஏறக்குறைய 12 செ.மீ. நீளம்தான், ஆனாலும் இரண்டு போகிகளில் எட்டுச் சக்கரங்கள். எட்டும் மின்சாரம் எடுக்கிறதா என்று கடையிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். இடம் இருந்தால் இ.எம்.டி. நிறுவனத்தின் 1,000 குதிரைத்திறன் என்.டபிள்யூ.2 இன்னும் நிம்மதி. நான்கு சக்கர நீராவி டேங்க் என்ஜின் பார்க்க அழகு, ஆனால் முதல் என்ஜினாக அதைச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: அலமாரித் தட்டு அளவு இடம்தான் இருக்கிறது. ஷண்டிங் விளையாட்டு அமைக்க முடியுமா?

பதில்: ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கிள்நுக்' போதும். இரண்டே பாயிண்ட், மூன்று கிளைப்பாதை: ஒன்றில் 5 வேகன் கொள்ளும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. பாயிண்ட்டுக்கு முன்னால் உள்ள முன்பாதையில் என்ஜினும் 3 வேகனும் மட்டும் நிற்கலாம். எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் நீளக் கிளையில் சேர்க்க வேண்டும். 6,720 விதமான வரிசை வரும். ஓ.ஓ. அளவில் பிரிட்டிஷ் நான்கு சக்கர வேகன்கள் என்றால் சுமார் 1¼ மீட்டர் நீளத்தில் அடங்கும், அமெரிக்க 40 அடி வேகன்களுக்கு 1¾ மீட்டர் வேண்டும். முன்பாதையை ஒரு வேகன் நீளம் கூட்டிவிடாதீர்கள், புதிரே போய்விடும்.

கேள்வி: நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எஸ்-4 டீசல் ஷண்டரை மாடலாகச் செய்ய ஆசை. வெளிநாட்டு 0-6-0 (ஆறு இயக்கச் சக்கர) என்ஜினின் அடிப்பாகத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம். 16.5 மி.மீ. பாதை 1,435 மி.மீ. அசல் பாதைக்கானது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் 1:87 அளவில் 19.3 மி.மீ., 1:76 அளவில் 22 மி.மீ. வர வேண்டும். ஆகவே 1:87-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், குறைவு 2.8 மி.மீ.யோடு நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, நேர் எதிரே நின்று பார்த்தால்தான் சக்கரங்கள் ஒடுங்கித் தெரியும்.

வாங்குவதற்கு முன் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை அசலோடு ஒப்பிடுங்கள், இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியாக. மேல்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அச்சு இடைவெளியைப் பிறகு மாற்ற முடியாது, கியர்களும் சைடு ராடும் அந்த அளவுக்கே வெட்டப்பட்டவை.