கடலில் உயிரித்திரள் பிரமிட் ஏன் தலைகீழ்?

வணக்கம். உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு நிலையிலும் உள்ள உயிரிகளின் மொத்த எடையை அடுக்கிக் காட்டும் படம்தான் உயிரித்திரள் பிரமிட். கடலில் அது தலைகீழாக, தின்னப்படுவது குறைவாகவும் தின்பவை அதிகமாகவும் இருந்தால் எப்படிக் கட்டுப்படியாகும் என்ற உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. பலரும் அந்தப் படத்தைக் கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்!

உயிரித்திரள் பிரமிட் காட்டுவது அந்த நேரத்துக் கையிருப்பை மட்டும்தான். ஆங்கிலக் கால்வாயில் எடுத்த பழைய அளவீடு ஒன்றில், ஒரு சதுர மீட்டருக்குத் தாவர மிதவை உயிரிகளின் உலர் எடை 4 கிராம். அவற்றை நம்பிய விலங்குகளின் எடை 21 கிராம். ஆனால் அந்த 4 கிராமில் இருக்கும் டயட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகள் சாதகமான நிலையில் ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாகின்றன. இட்லிக் கொப்பரையில் ஒரு நேரத்தில் இருப்பது இரண்டு தட்டுதான். கடைக்கு வந்த கூட்டமே சாப்பிட்டுப் போகிறது அல்லவா? மாறாக, விலங்கு மிதவை உயிரிகள் வாரக்கணக்கில் வாழ்ந்து எடையைச் சேர்த்து வைக்கின்றன.

ஆற்றல் பிரமிட் ஓராண்டில் பாய்ந்த மொத்த ஆற்றலைக் கணக்கிடுவதால் எப்போதும் அடி அகன்று நேராகவே நிற்கும். அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் 1942இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த 10 சதவீத விதி (ஒரு நிலையின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே அடுத்த நிலைக்குப் போகும் என்பது) இங்கேதான் பொருந்தும், அதுவும் தோராயமாக. அதை எடைப் படத்தில் போட்டுப் பார்த்ததால்தான் உங்கள் மகளுக்குக் கணக்கு இடித்திருக்கிறது. தேர்வில் 'உற்பத்தியாளர்களின் (இங்கே தாவர மிதவை உயிரிகளின்) பெருக்க வேகம் அதிகம்' என்ற காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.